கர்ப்ப காலத்தில் அசைக்ளோவிர்: களிம்பா, மாத்திரையா, சும்மா விடுவதா?

மாசமாக இருக்கும் பெண்ணின் உதட்டோரம் கொத்தாக நாலைந்து நீர்க்கொப்புளம் கிளம்பினால் வீட்டில் உடனே எழும் கேள்வி, "இதுக்கு ஆயின்மென்ட் போடலாமா, குழந்தைக்கு ஒண்ணும் ஆகாதே?" என்பதுதான். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் எனக்கு இது நன்றாகப் பழகிய கேள்வி. பதிலின் முதல் பாதி எளிது. வைரஸை அடக்கும் அசைக்ளோவிர் களிம்பைப் போடலாம், குழந்தைக்கு ஒன்றும் ஆகாது. போட்டால் எவ்வளவு குணம் கிடைக்கும் என்ற மறுபாதியை அநேகமாக யாரும் கேட்பதில்லை. முடிவெடுக்க உதவுவது அந்த மறுபாதிதான்.

கர்ப்பிணிகள் பலரும் "மாத்திரை வேண்டாம், பூசுற மருந்தா குடுங்க" என்று கேட்கிறார்கள். வயிற்றுக்குள் போகாத மருந்து குழந்தையிடமும் போகாது என்ற கணக்கு அது. உதட்டுப் புண்ணுக்கு அந்தக் கணக்கு சரி. பிறப்புறுப்பில் புண் என்றாலோ, உடம்பெங்கும் சின்னம்மை என்றாலோ அதே கணக்கு தாய்க்கும் சேய்க்கும் ஆபத்தாக முடியலாம். களிம்பைப் பற்றி எனக்குப் பயமே இல்லை. களிம்பை நம்பி மாத்திரையைத் தள்ளிப் போடுவார்களே, அதுதான் பயம்.

முதலில் பாதுகாப்பை முடித்துவிடுவோம். அசைக்ளோவிர் அமெரிக்காவில் முதன்முதலாக 1982இல் களிம்பாகத்தான் அனுமதி பெற்றது. இந்த மருந்து உருவாகக் காரணமான ஆராய்ச்சிக் குழுவை வழிநடத்திய கெர்ட்ரூட் எலியன் 1988இல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அவர்கள் பிடித்த நுட்பம் அழகானது. அசைக்ளோவிர் உடம்புக்குள் வரும்போது வேலை செய்யாத நிலையில் இருக்கிறது. உதட்டுக் கொப்புளத்துக்குக் காரணமான ஹெர்பிஸ் வைரஸ் புகுந்த செல்லுக்குள், அந்த வைரஸே தயாரிக்கும் தைமிடின் கைனேஸ் என்ற நொதி பட்டால்தான் அது விழித்துக்கொள்கிறது. விழித்ததும் வைரஸ் தன்னைப் பிரதி எடுப்பதைத் தடுக்கிறது. நோயில்லாத செல்களில் அந்த நொதி இல்லை. அதனால் அங்கே மருந்து கிட்டத்தட்ட சும்மாவே இருந்துவிட்டு சிறுநீரில் வெளியேறிவிடுகிறது.

களிம்பில் இருக்கும் அளவையும் பாருங்கள். நம் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் 5 கிராம் ட்யூப், 5 சதவீதம் மருந்து. அப்படியென்றால் முழு ட்யூபிலும் இருப்பது 250 மில்லிகிராம். ஒரே ஒரு அசைக்ளோவிர் மாத்திரை 200, 400 அல்லது 800 மில்லிகிராம். சின்னம்மைக்கு ஒரு நாளைக்குக் கொடுப்பது 4,000 மில்லிகிராம். ட்யூப் முழுவதையும் காலி செய்தாலும் ஒரு 400 மில்லிகிராம் மாத்திரை அளவுகூட வராது. அதிலும் தோல் வழியாக ரத்தத்தில் சேர்வது மிகமிகக் குறைவு.

ஆய்வுகளும் இதையே சொல்கின்றன. டென்மார்க்கில் 1996 முதல் 2008 வரை உயிருடன் பிறந்த 8,37,795 குழந்தைகளின் பதிவேடுகளை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது, 2010இல் வெளியானது. கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் தாய் ஹெர்பிஸ் மாத்திரை எடுத்திருந்த குழந்தைகள் 1,804 பேர். அவர்களில் பெரிய பிறவிக் குறைபாடு இருந்தது 2.2 சதவீதம். மாத்திரை எடுக்காத தாய்மாரின் குழந்தைகளில் அது 2.4 சதவீதம். அசைக்ளோவிர் களிம்பு போட்ட 2,850 தாய்மாரைத் தனியாகப் பார்த்தபோதும் குறைபாடு கூடவில்லை. இதற்கு முன்பே, 1984 முதல் 1999 வரை, கர்ப்ப காலத்தில் அசைக்ளோவிர் எடுத்த பெண்களுக்கென ஒரு சர்வதேசப் பதிவேடு இருந்தது. முதல் மூன்று மாதத்தில் மருந்து எடுத்த 756 கர்ப்பங்கள் அதில் சேர்ந்தன. அங்கேயும் இதே முடிவுதான். ஆக, பாதுகாப்பைப் பொறுத்தவரை மாத்திரைக்கே நல்ல சான்று இருக்கிறது. களிம்புக்கு அதைவிடக் கவலை குறைவு.

உதட்டுப் புண்ணுக்கு

உதட்டுப் புண்ணில் களிம்பு எவ்வளவு வேலை செய்யும்? உள்ளதைச் சொன்னால், கொஞ்சம்தான்.

களிம்பின் அமெரிக்க அனுமதிக்கு அடிப்படையான இரண்டு ஆய்வுகளில் 1,385 பேர் கலந்துகொண்டார்கள். அறிகுறி தெரிந்த ஒரு மணி நேரத்துக்குள் ஆரம்பித்து, ஒரு நாளைக்கு 5 முறை, 4 நாள் போடச் சொன்னார்கள். மருந்து போட்டவர்களுக்குப் புண் ஏறத்தாழ நாலரை நாள் இருந்தது. மருந்தில்லாத வெறும் களிம்பு போட்டவர்களுக்கு ஐந்து நாள். வித்தியாசம் அரை நாள். அதுவும் ஒரு மணி நேரத்துக்குள் ஆரம்பித்தவர்களுக்கு. நம் வீட்டு நடைமுறையில் முதல் நாள் "சூடு" என்று விடுவோம், இரண்டாம் நாள் தேங்காய் எண்ணெய், மூன்றாம் நாள்தான் கடை. அதற்குள் வைரஸ் பெருகும் கட்டம் முடிந்து கொப்புளம் உடைந்து பொருக்கு கட்டத் தொடங்கியிருக்கும். அப்போது களிம்பு வாங்குவது பணத்துக்குத்தான் கேடு.

இன்னொன்று, இந்த வைரஸ் வாழும் இடம் உதடு இல்லை. முகத்துக்கு உணர்வு தரும் நரம்பின் முடிச்சில் அது ஆயுசுக்கும் பதுங்கியிருக்கிறது. காய்ச்சல், கடும் வெயில், தூக்கமின்மை என்று உடம்பு தளரும்போது நரம்பு வழியாக இறங்கி வருகிறது. மேலே தடவும் மருந்து அங்கே எட்டாது. அடுத்த முறை வராமல் தடுக்கவும் தடுக்காது.

சும்மா விட்டால் என்ன ஆகும்? உதட்டு ஹெர்பிஸ் 7 முதல் 10 நாளில் தானே ஆறிவிடும். முன்பே பலமுறை வந்து பழகிய உதட்டுப் புண் கர்ப்பத்தில் மறுபடி வருவதால் வயிற்றிலிருக்கும் குழந்தைக்குக் கேடு இல்லை. தாயின் ரத்தத்தில் ஏற்கெனவே எதிர்ப்புப் புரதங்கள் இருக்கின்றன. அவை குழந்தைக்கும் போய்ச் சேர்கின்றன. அதனால் பொருக்கு வெடிக்காமல் கொஞ்சம் வாசலின், வலித்தால் பாராசிட்டமால், சுத்தமான துணியில் குளிர்ந்த ஒத்தடம் என்று விட்டுவிடுவதும் முழுக்க நியாயமான வழி.

என் தேர்வைக் கேட்டால், கொப்புளம் வருவதற்கு முன் அந்த இடத்தில் சுருக் சுருக்கென்று ஒரு அரிப்பு தெரியும் பாருங்கள், அந்த நேரத்திலேயே கையில் ட்யூப் இருந்தால் போடுங்கள். கொப்புளம் உடைந்த பிறகென்றால் வாசலினே போதும். அடிக்கடி வருகிறவர்கள், வந்தால் பெரிதாக வருகிறவர்கள் களிம்போடு மல்லுக்கட்டாமல் மாத்திரை பற்றி மருத்துவரிடம் பேசலாம்.

போடும் முறையில் சில சின்ன விஷயங்கள் உண்டு. விழித்திருக்கும் நேரத்தில் நாலு மணி நேரத்துக்கு ஒரு முறை, ஆக 5 முறை. கையைக் கழுவிவிட்டு, பஞ்சுக் குச்சியில் துளி எடுத்து ஒற்ற வேண்டும்; தேய்த்தால் பக்கத்துத் தோலுக்கும் பரவும். போட்ட பிறகும் கை கழுவ வேண்டும். ட்யூபை வீட்டில் யாருடனும் பகிர வேண்டாம். வாய்க்குள்ளே தடவக் கூடாது.

வாய்க்குள் நாக்கிலோ கன்னத்தின் உள்புறமோ வரும் வெள்ளைக் குழிப்புண் பெரும்பாலும் ஹெர்பிஸே இல்லை. அதற்கு இந்தக் களிம்பு உதவாது. அப்புறம், வாயின் இரு ஓரத்திலும் வெடித்து, வாயைத் திறந்தால் எரியும் கடைவாய்ப் புண். கர்ப்பிணிகளிடம் இதை நான் அடிக்கடி பார்க்கிறேன். இரும்புச்சத்துக் குறைவு, பி வைட்டமின் குறைவு, சில சமயம் பூஞ்சை ஆகியவைதான் காரணம். கொத்துக் கொப்புளமாக வராமல் இரண்டு ஓரத்திலும் ஒரே மாதிரி வெடிப்பாக இருந்தால் அசைக்ளோவிர் வாங்க வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் எவ்வளவு என்று பாருங்கள், கொடுத்த இரும்பு மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா என்றும் பாருங்கள்.

நம் ஊரில் ஒரு பெரிய சிக்கலையும் சொல்லியே ஆக வேண்டும். "புண்ணுக்கு ஆயின்மென்ட்" என்று மட்டும் கேட்டால், பல இடங்களில் எடுத்து நீட்டுவது ஸ்டீராய்டும் பூஞ்சை மருந்தும் ஆன்டிபயாடிக்கும் சேர்ந்த கலவைக் களிம்பு. ஹெர்பிஸ் புண்ணில் வைரஸ் மருந்து இல்லாமல் ஸ்டீராய்டு பட்டால் அந்த இடத்து எதிர்ப்புச் சக்தி அடங்கி வைரஸுக்கு வசதியாகிவிடும், புண் பரவும். முதல் மூன்று மாதம் கர்ப்பத்தை வெளியே சொல்லும் பழக்கம் நம்மிடம் இல்லை, கடைக்குப் போவது கணவரோ மாமனாரோ என்பதால் கர்ப்பம் என்ற செய்தியே கவுண்டரை எட்டுவதில்லை. ஊருக்குச் சொல்லாவிட்டாலும் மருந்து தருகிறவரிடம் சொல்லிவிடுங்கள். ட்யூபின் மேல் அசைக்ளோவிர் என்ற ஒரே பெயர்தான் இருக்கிறதா என்று படித்துப் பார்த்து வாங்குங்கள்.

மஞ்சள், சுண்ணாம்பு, பற்பசை எல்லாம் வேண்டாம். உடைந்த கொப்புளத்தில் சுண்ணாம்பு வைத்தால் தோல் வெந்துபோகும், தழும்புதான் மிஞ்சும்.

பிறப்புறுப்பில் வந்தால்

இங்கே கணக்கு தலைகீழாக மாறுகிறது. வெளியே சொல்லக் கூச்சப்பட்டு, மருத்துவரிடமும் மறைத்து, தோழி சொன்ன களிம்பை ரகசியமாக வாங்கித் தடவிக்கொள்ளும் பெண்கள் இருக்கிறார்கள். அவர்களை நினைத்துத்தான் இந்தப் பகுதியைக் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

பிறப்புறுப்பு ஹெர்பிஸுக்குக் களிம்பால் பலன் மிகச் சொற்பம். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் சிகிச்சை வழிகாட்டுதல் அதைப் போட வேண்டாம் என்றே சொல்கிறது. வலி கொஞ்சம் அடங்கியதுபோல் தெரியும். உள்ளே கருப்பை வாயில் வைரஸ் வெளியேறுவதைக் களிம்பு தொடவே தொடாது. பிரசவத்தின்போது குழந்தை அந்த வழியாகத்தானே வர வேண்டும்?

எந்த மாதத்தில் வருகிறது, முதல் முறையா மறுமுறையா என்பதைப் பொறுத்து ஆபத்து மலைக்கும் மடுவுக்குமாக வேறுபடும். கர்ப்பத்துக்கு முன்பே தொற்று இருந்து, பிரசவ நேரத்தில் மறுபடி கிளம்பினால் சுகப்பிரசவத்தில் குழந்தைக்குப் போகும் வாய்ப்பு மிகக் குறைவு; 100இல் மூன்றுக்குள்தான் என்று கணக்கிடுகிறார்கள். கடைசி மூன்று மாதத்தில், குறிப்பாகப் பிரசவத்தை ஒட்டி, வாழ்க்கையிலேயே முதல் முறையாகத் தொற்றினால் 100இல் 30 முதல் 50 குழந்தைகளுக்குப் போகலாம். தாயின் உடம்பில் எதிர்ப்புப் புரதம் உருவாகி குழந்தைக்குப் போய்ச் சேர அவகாசம் இல்லாததுதான் காரணம். பச்சைக் குழந்தைக்கு வரும் ஹெர்பிஸ் உயிரையே எடுக்கக்கூடிய நோய். பிழைத்தாலும் மூளையில் பாதிப்பு விட்டுச் செல்லலாம்.

இந்த இடத்தில் மாத்திரைதான் வழி. முதல் முறை வந்தால் அசைக்ளோவிர் 400 மில்லிகிராம் தினம் 3 வேளை, 7 முதல் 10 நாள் என்பது வழக்கமான அளவு. அதன் பிறகு 36ஆம் வாரத்திலிருந்து பிரசவம் வரை அதே 400 மில்லிகிராம் 3 வேளை தடுப்பாகக் கொடுப்பார்கள். முதல் தொற்றே பிந்திய மாதத்தில் என்றால் நிறுத்தாமல் தொடரச் சொல்வதும் உண்டு. தடுப்புக்கு அதே இனத்து மாத்திரையான வேலாசைக்ளோவிர் என்றால் 500 மில்லிகிராம் 2 வேளை. இப்படித் தடுப்பு எடுத்தவர்களுக்குப் பிரசவ நேரத்தில் புண் கிளம்புவது ஏறத்தாழ முக்கால் பங்கு குறைகிறது, அதற்காகச் சிசேரியன் செய்யும் தேவையும் குறைகிறது. வலி எடுக்கும்போது புண் இருந்தாலோ, கடைசி வாரங்களில்தான் முதல் தொற்று வந்தது என்றாலோ சிசேரியனைப் பரிந்துரைப்பார்கள். தலைவலி, குமட்டல் சிலருக்கு வரும். மாத்திரை சிறுநீரகம் வழியாக வெளியேறுவதால் தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

உதட்டு வைரஸே பிறப்புறுப்புக்கும் போகும் என்பது பலருக்குத் தெரியாது. கணவருக்கு உதட்டில் கொப்புளம் இருக்கும்போது வாய்வழி உறவு வைத்துக்கொண்டால், இதுவரை தொற்றே இல்லாத மனைவிக்குப் பிறப்புறுப்பில் முதல் தொற்றாக அது வந்து சேரலாம். ஏழாம் மாதத்துக்குப் பிறகு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று மேலே பார்த்தோம். ஹெர்பிஸ் வந்தாலே நடத்தைமீது சந்தேகப்படும் வீடுகளில் இதை அவசியம் சொல்ல வேண்டும். தொற்று பல வருடத்துக்கு முன்பே வந்து சத்தமில்லாமல் இருந்து, கர்ப்பத்தில் முதன்முறையாகப் புண்ணாகத் தலைகாட்டுவதும் சகஜம். கைனகாலஜிஸ்ட் ஒரு நாளில் இப்படி எத்தனையோ பார்க்கிறார். அவரிடம் சொல்ல வெட்கப்பட ஒன்றுமில்லை.

சின்னம்மை, அக்கி, கண்

சின்னம்மையும் இதே குடும்பத்து வைரஸ், இதே மருந்துதான். களிம்புக்கு இங்கே இடமே கிடையாது. வெப்ப நாடுகளில் சின்ன வயதில் அம்மை வராமல் பெரியவர்களாகி மாட்டிக்கொள்பவர்கள் அதிகம் என்பதால் நம் கர்ப்பிணிகளுக்கு இது நேரடியான விஷயம். கர்ப்பிணிக்கு அம்மை வந்தால் நுரையீரல் பாதித்து நிமோனியா ஆகலாம். கொப்புளம் தெரிந்த 24 மணி நேரத்துக்குள் அசைக்ளோவிர் 800 மில்லிகிராம் தினம் 5 முறை, 7 நாள் என்று தொடங்குவதில்தான் பலன் இருக்கிறது. 20 வாரம் தாண்டிய கர்ப்பிணிகளுக்கு இதைக் கொடுக்கச் சொல்கிறது பிரிட்டன் மகப்பேறு மருத்துவக் கல்லூரியின் வழிகாட்டுதல். அதற்கு முந்திய வாரங்களில் மருத்துவர் நிலைமை பார்த்து முடிவெடுப்பார்.

வீட்டில் அம்மன் இறங்கியிருக்கிறாள், மருந்து கூடாது என்பார்கள். வேப்பிலை கட்டுங்கள், வாசலில் செருகுங்கள், இளநீர் கொடுங்கள், மஞ்சள் நீர் ஊற்றுங்கள். எதையும் விட வேண்டாம். மாத்திரையும் சேர்ந்து போகட்டும். அத்தையோ பாட்டியோ தடுத்தால், "வயிற்றுப் பிள்ளைக்காக" என்று சொல்லிப் பாருங்கள், பெரும்பாலும் இளகிவிடுவார்கள். மூச்சு வாங்குகிறது, நெஞ்சு வலிக்கிறது, இருமல் கூடுகிறது என்றால் பேசிக்கொண்டிருக்காமல் 108ஐக் கூப்பிட வேண்டும். அம்மையே வராத கர்ப்பிணி, அம்மை வந்தவரோடு ஒரே அறையில் இருந்திருந்தால் கொப்புளம் வரும்வரை காத்திருக்கக் கூடாது. தொடர்பு ஏற்பட்ட 10 நாளுக்குள் போடக்கூடிய இம்யூனோகுளோபுலின் (எதிர்ப்புப் புரத) ஊசி உண்டு. அம்மைத் தடுப்பூசி உயிருள்ள வைரஸ் கொண்டது என்பதால் கர்ப்பத்தில் போட மாட்டார்கள்.

அக்கி குழந்தைக்கு ஆபத்து இல்லை, தாய்க்குத்தான் வேதனை. 72 மணி நேரத்துக்குள் மாத்திரை தொடங்கினால் நல்லது. குயவரிடம் போய்க் காவியில் அக்கி எழுதிக்கொள்ளும் வழக்கம் இன்றும் இருக்கிறது. அக்கி இரண்டு முதல் நாலு வாரத்தில் தானாகவே ஆறும் நோய் என்பதால் எழுதியதால் ஆறியதாகத் தோன்றும். உடைந்த கொப்புளத்தில் மண் படுவது கர்ப்பிணிக்கு வேண்டாம்.

கண்ணில் ஹெர்பிஸ் வந்தால் களிம்புதான் ராஜா, ஆனால் அது வேறு களிம்பு: கண்ணுக்கென்றே செய்த 3 சதவீதம். தோலுக்கான ட்யூபைக் கண்ணில் போட்டால் அதிலுள்ள கரைப்பான் எரித்தெடுத்துவிடும். கண் சிவந்து கூசினால் அன்றைக்கே கண் மருத்துவர்.

குழந்தை பிறந்த பிறகு

கர்ப்பத்தில் சாதாரணமாக இருந்த உதட்டுப் புண், பிரசவம் முடிந்ததும் ஆபத்தானதாகிறது. வயிற்றுக்குள் இருந்தவரை குழந்தையை எட்டாத வைரஸ், இப்போது ஒரு முத்தத்தில் எட்டிவிடும். தாய்க்குப் புண் இருந்தால் பொருக்கு உதிரும்வரை முத்தம் கூடாது, முகக்கவசம் போட்டுக்கொண்டு, கை கழுவிவிட்டுத் தூக்க வேண்டும். தாய்ப்பால் தாராளமாகக் கொடுக்கலாம். களிம்போ மாத்திரையோ அதற்குத் தடை இல்லை. மார்பிலேயே கொப்புளம் இருந்தால் மட்டும் ஆறும்வரை அந்தப் பக்கம் கொடுக்காமல், பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட வேண்டும். பார்க்க வரும் சொந்தபந்தங்களுக்கும் இதே சட்டம். உதட்டில் புண்ணோடு வரும் சித்தப்பாவிடம் "தள்ளி நின்னு பாருங்க" என்று சொல்ல மனம் வராதுதான். வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் அந்தப் பொறுப்பைக் கொடுத்துவிடுங்கள்.

முதல் ஆறு வாரத்துக்குள் குழந்தை பால் குடிக்காமல் துவண்டாலோ, காய்ச்சல் வந்தாலோ, உடம்பு வழக்கத்துக்கு மாறாகச் சில்லிட்டாலோ, வலிப்பு வந்தாலோ, தலையிலோ முகத்திலோ ஒரே ஒரு நீர்க்கொப்புளம் தெரிந்தாலோ, பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனைக்கு உடனே போக வேண்டும். தாய்க்கோ வீட்டில் யாருக்கோ ஹெர்பிஸ் புண் இருந்தது என்று அங்கே முதல் வரியிலேயே சொல்லுங்கள். அசைக்ளோவிரை ரத்தக்குழாய் வழியாக 14 நாள், மூளையைத் தொட்டிருந்தாலோ உடம்பெங்கும் பரவியிருந்தாலோ 21 நாள் ஏற்றுவார்கள். பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்காமல், சந்தேகம் வந்த உடனே தொடங்கும் சிகிச்சை அது. நீங்கள் சொல்லும் அந்த ஒரு தகவல்தான் மருத்துவருக்குச் சந்தேகம் வர வைக்கும்.